என் கிணறு மூன்று இடங்களில் இருந்தது

என் கிணறு முதலில் தமிழ்நாட்டுக்குப் போனது. அடுத்து என் வீட்டுக்காரரின் நிலத்துக்குப் போனது. எங்கே வெட்டினார்களோ, எங்கே முப்பது வருஷமாகத் தண்ணீரோடு கிடக்கிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் அது வந்து சேர மூன்று மாதம் ஆனது. இத்தனைக்கும் கிணறு ஓரங்குலம்கூட நகரவில்லை. நகர்ந்ததெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான்.

எங்கள் நிலம் எருத்தேன்பதிப் பக்கம், கேரளம் முடிகிற ஓரத்தில் இருக்கிறது. கல்யாணத்தின்போது அப்பா எனக்கு எழுதிவைத்த ஒன்றரை ஏக்கர் கிழக்கே. அதை ஒட்டி மேற்கே வீட்டுக்காரரின் நான்கு ஏக்கர். அப்பா தேடிப் பிடித்து அடுத்தடுத்தே வாங்கினார். மகளுக்குக் கொடுத்ததை உழுவதற்கு மருமகன் தூரம் நடக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம். இரண்டு நிலத்துக்கும் நடுவே முழ உயரத்தில் ஒரு மண்வரப்பு, நாங்கள் பொழி என்போம். என் கிழக்கு வேலியைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே ஓர் எல்லைக்கல் நிற்கிறது. அதை மதித்து நடக்கிற ஒரே கூட்டம் எருமைகள். தினமும் போய் முதுகு சொறிந்துகொள்கின்றன.

பத்திரத்தில் நிலம் என் பேரில் இருக்கிறது. பத்திரத்துக்கு வெளியே அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விளைவது அவர் கடலை, கறப்பது அவர் மாடு, கிணறும் அவர் கிணறு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னிடமே வந்து, "உங்க ஊட்டுக்காரர் கெணத்துல தண்ணி எவ்வளவு கெடக்குதுங்க?" என்று கேட்டிருக்கிறார். நானும் பதில் சொல்லியிருக்கிறேன், வெட்கமில்லாமல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஒன்றரை ஏக்கரில் எழுபது தென்னங்கன்று வைத்தேன். குழி எடுக்க ஆள் பிடித்ததிலிருந்து கன்று தேர்ந்தெடுத்தது வரைக்கும் நான். வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கிணற்றிலிருந்த பழைய ஆயில் என்ஜின் உயிரை விட்டது. அதன் பிறகு கயிறு, வாளி, குடம். நானும் என்னோடு தோட்ட வேலை செய்கிற காலனிக்கார அம்மாவும் சேர்ந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுபது கன்றுக்கும் சுமந்து ஊற்றினோம். வீட்டுக்காரர் சுமக்கவில்லை. அவருக்கு இடுப்பு வலி. நாற்காலி தூக்கும்போது அந்த வலி வருவதில்லை என்பதைப் பிறகு கண்டுகொண்டேன்.

அப்போதுதான் மானியத்தில் மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனு எழுதினேன், என் பேரில். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் பேரில் எழுதினால் சீக்கிரம் நடக்கும் என்றார்கள். நான் கேட்கவில்லை. அந்த ஒரு மோட்டாராவது என் பேரில் ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது வெறி.

ஆபீஸில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள். அதிகாரி ஜிபிஎஸ் கருவியோடு நேரில் வந்து கிணறு இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு போவார். அந்த இடம் மனு போட்டவரின் சர்வே எண்ணுக்குள் விழ வேண்டும். அவ்வளவுதான். கிணறு என் நிலத்தின் நட்டநடுவில் இருக்கிறது. இதில் என்ன தப்பு நடந்துவிட முடியும் என்று நினைத்தேன்.

தை மாதம் அதிகாரி வந்தார். பாலக்காட்டுக்கு மேற்கே எங்கோ ஆற்றங்கரை ஊர்க்காரர், வயது முப்பதுக்குள், சாது. நான் கிணற்றடியில் காத்திருந்தேன். வீட்டுக்காரர் பாதை முனையில் காத்திருந்தார், நாற்காலியோடு.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு வியாதியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் விருந்தாளியை ஒறம்பரை என்போம். ஒறம்பரை வெயிலில் நிற்பதைப் பார்த்தால் எங்கள் ஆண்களுக்கு உடம்பு பதறும். பேசிக்கொண்டே கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துவிடுவார்கள். கடன் கேட்டு வந்தவன், ஓட்டுக் கேட்டு வந்தவன், மாடு பிடிக்க வந்தவன் எல்லோருக்கும் முதலில் நிழல், பிறகு நாற்காலி, பிறகு இளநீர். வெயிலில் நிறுத்திப் பேசி அனுப்பினான் என்று பேர் வந்துவிட்டால் ஏழு ஊரில் தலைகாட்ட முடியாது. வெயிலில் கூலிக்கு நிற்பவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அவர்கள் ஒறம்பரை இல்லை.

"சார், ஏனுங்க வெயில்ல நிக்கறீங்க? இப்படி நெழலுக்கு வாங்க."

"கிணறு நோக்கணும் சேட்டா."

"கெணறு எங்கீங்க போகப் போகுது? மொதல்ல உக்காருங்க."

கிணற்றை ஒட்டி என்ஜின் கொட்டகை இருக்கிறது. மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே தகரம். நாற்காலியை அதற்குள் போட்டார். இரண்டு இளநீர் சீவினார். அதிகாரி பையிலிருந்து கருவியை எடுத்தார், டிவி ரிமோட் அளவுக்கு மஞ்சளும் கறுப்புமாக. மடியில் வைத்துக்கொண்டு முதல் இளநீரைக் குடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். திரையில் ஓரத்தில் 43 என்று ஓடியது.

"அது என்னங்க சார் நாப்பத்தி மூணு?"

"அது மீட்டர் சேச்சி. இப்போ நம்மள் நிக்கிற ஸ்தலம் அத்தறை மாறிப் போகலாம். கொறையும், கொறையும்."

இரண்டாவது இளநீர் முடியும்வரை அது குறையவில்லை. வழுக்கையும் தின்றார். 43 அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், அதிகாரி பட்டனை அழுத்திவிட்டு எழுந்தார். போகும்போது, நல்ல ஆட்கள் என்று எங்களைப் பாராட்டினார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மலையாளத்தில் இருந்ததால் இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே சேதிதான். விண்ணப்பதாரரின் கிணறு மாநில எல்லைக்கு வெளியே அமைந்திருப்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது.

வீட்டுக்காரர் சிரி சிரி என்று சிரித்தார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்தது. தமிழ்நாட்டுத் தண்ணீரைக் குடிக்கிறீர்களே, பக்கத்து மாநிலத்துக்குக் கணக்குச் சொன்னீர்களா என்று எதிர்ப்பட்டவர்களெல்லாம் என்னைக் கேட்டார்கள். அந்த மூன்று வாரத்தில் ஆறு கன்று காய்ந்திருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆபீஸுக்குப் போனேன். அதிகாரிக்கு என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது. தாளில் படம் போட்டு விளக்கினார். வானத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கருவிக்குக் குறைந்தது நான்கின் குரலாவது நேராகக் கேட்க வேண்டும். தலைக்கு மேல் மட்டும் அல்ல, நாலாபக்கமும் வானம் திறந்திருந்தால் நல்லது. தகரத்துக்கு அடியில் குரல் வராது. வருகிற கொஞ்சமும் சுவரிலும் தகரத்திலும் மோதிச் சுற்றிக்கொண்டு வரும். சுற்றி வந்த தூரத்தையும் சேர்த்துக் கருவி கணக்குப் போடும். இடம் தள்ளிப் போய்விடும். கொட்டகையின் திறந்த பக்கம் கிழக்கே. கிணறும் கிழக்கே போய்விட்டது.

"இதெல்லாம் தெரிஞ்சே எதுக்குங்க சார் தகரத்துக்கு அடியில உக்காந்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சேட்டன் அத்தறை ஸ்நேகத்தோட விளிச்சு. பற்றில்லான்னு எங்ஙனே பறயும்?"

அன்போடு கூப்பிட்டாராம். எப்படி முடியாது என்று சொல்வதாம். மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். எங்கள் ஜில்லாவின் கிழக்கு ஓரம் அத்தனையும் நிழலில் உட்கார்ந்து அளந்ததாக எனக்குத் தோன்றியது. முதலமடையில் வீட்டுக்காரரின் பங்காளி ஒருவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் மாந்தோப்பு. வாயைத் திறந்தால் அந்தப் பன்னிரண்டு ஏக்கர்தான் முதலில் வெளியே வரும். மூலைக்கு மூலை குறிப்பெடுக்க ஆள் வந்தபோது, சித்திரை வெயிலில் சார் எதற்கு அலைய வேண்டும் என்று நடுத்தோப்பில் அடர்ந்த மரமாகப் பார்த்து நாற்காலி போட்டு, பழம் அறுத்துக் கொடுத்து, நான்கு மூலையையும் கையை நீட்டிக் காட்டினாராம். வந்தவரும் அங்கேயிருந்தே நான்கு முறை பட்டனை அழுத்தியிருக்கிறார். வரைபடம் வந்தபோது தோப்பு பத்து சென்ட் இருந்தது. அது கோழிக்கூண்டுக்குக்கூடக் கோணலான வடிவம். மனுஷர் ஆறு மாதம் யாரிடமும் ஏக்கர் பேசவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

என்னோடு தண்ணீர் சுமக்கிற காலனிக்கார அம்மாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கூட்டுக்கு ஒரே வாட்டிதான் வந்தாங்க. கரெக்ட்டா விழுந்துருச்சுங்கம்மா."

அவருக்கு மூன்று சென்ட். வீட்டுத் திட்டத்துக்காக அளக்க வந்தபோது, அந்த மொட்டைப் பொட்டலில் ஒரு மரம் இல்லை. நாற்காலி இருந்தது, வந்தவர் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். நடுவாசலில் கொதிக்கிற வெயிலில் நின்று ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். நாலாபக்கமும் திறந்த வானம். பூமியில் எங்கள் ஊர் இருக்கும் இடம் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் காலனியைத்தான் கேட்க வேண்டும். மரமும் மரியாதையும் உள்ளவர்களெல்லாம் முப்பது நாற்பது மீட்டர் தள்ளித்தான் இருக்கிறோம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. அந்த அம்மாவை நானும் என் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை.

மாசியில் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று ஆனைகட்டிக்குப் போனேன். இரண்டு நாள் இருந்தேன். அவர்கள் ஊரில் சுற்றிலும் மலை. வானம் ஒரு கீற்றுத்தான் தெரியும். அங்கேயும் இதே கூத்து நடந்திருக்கிறது. அவர்கள் கடையைக் கருவி ஆற்றுக்கு அக்கரையில் காட்டியதாம்.

"அப்பறம் எப்படிடி சரியாச்சு?" என்றேன்.

"மொட்ட மாடித் தண்ணித் தொட்டி மேல வெச்சுட்டு ஒரு மணி நேரம் காத்துக் கெடந்தாங்க்கா. பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி. மலைக்குப் பின்னால இருக்கற கோளு சுத்தி வரோணுமாம். வந்ததுக்கப்பறம் சரியாக் காட்டுச்சு."

ஆக, திறந்த இடமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். இதை மனதில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினால், வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக வாசலில் நின்றார்.

"சார் நேத்து வந்துட்டுப் போயிட்டாருங்க. இந்த வாட்டி பக்காவா முடிஞ்சுது." சந்தோஷம் மிஞ்சினால் எனக்கு மரியாதை கொடுப்பார்.

"எங்க உக்கார வெச்சீங்க?"

"தகரம் ஆகாதுன்னு நீதான சொன்னே. அதான் நம்ம மாமரத்தடியில போட்டேன். அங்க தகரமே இல்ல பாரு."

அந்த மாமரம் பொழிக்கு மேற்கே, அவர் நிலத்தில் இருக்கிறது. பகலில் விளக்கு வைக்க வேண்டிய அளவுக்கு இலை. அதற்கு முந்தின நாள் பெய்த மழையில் இலையெல்லாம் ஈரம் வேறு. ஈர இலை இன்னும் மோசம் என்று அதிகாரியே எனக்குச் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கருவிக்குக் கிணறு என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது, தான் எங்கே இருக்கிறோம் என்பது மட்டும். அது அதிகாரியின் மடியில் இருந்தது, அதிகாரி நாற்காலியில் இருந்தார், நாற்காலி என் வீட்டுக்காரரின் நிலத்தில் இருந்தது.

நான் பயந்தபடியே ஆயிற்று. நான்கு நாளில் ஆபீஸிலிருந்து போன் வந்தது. என் எண்ணுக்கு வரவில்லை, அவர் எண்ணுக்கு. மனுவில் என் எண்தான் கொடுத்திருந்தேன். அவர் பேசிவிட்டு வந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சேதியைச் சொன்னார்.

"கெணறு எம்பட சர்வே நெம்பர்ல விழுந்துருச்சாம். அதனால ஒண்ணும் பிரச்சனை இல்ல. மனுவ என்ற பேருக்கு மாத்தி எழுதிக் குடுத்தா அடுத்த வாரமே பாஸாயிருமாம். சரின்னுட்டேன்."

"என்னன்னு சரின்னீங்க?"

"எல்லாம் ஒரே ஊடுதான. யாரு பேர்ல இருந்தா தண்ணி வராதா?"

"அப்ப என்ற பேர்லயே இருக்கட்டும். தண்ணி வராதா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இப்படி ஒரு வழியும் இருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. அவர் கெட்டவர் அல்ல. கெட்டது செய்ய யோசிக்க வேண்டும், மெனக்கெட வேண்டும். அவர் எதற்குமே மெனக்கெட்டதில்லை. உலகம் அவர் உட்கார்ந்திருக்கும் பக்கமாகத் தானே சாய்ந்து கொடுத்துவிடும். வானத்தில் இருக்கிற கோள்கூட அவருக்குச் சாதகமாகத்தான் சாயும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

"சாரு ரெண்டு வாட்டி வந்துட்டாரு. மூணாவது வாட்டி கூப்புட்டா மரியாதையா இருக்குமா?"

"மரியாதை பண்ணிப் பண்ணித்தான் எம்பட கெணத்தத் தொலைச்சீங்க."

மறுநாள் கன்றுகளை எண்ணினேன். எழுபதில் பத்தொன்பது போயிருந்தன. குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. அந்தக் காய்ந்த குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதிகாரி என்னைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"சேச்சி, இனி எந்து வேணம்? சேட்டன் சம்மதிச்சல்லோ."

"அவரு சம்மதிச்சாருங்க. கெணறு சம்மதிக்கல. நீங்க இன்னொரு வாட்டி வரோணும். பன்னண்டு மணிக்கு வாங்க. நாற்காலி இருக்காது, எளநி இருக்காது. ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க மாட்டேன்."

இப்படி ஓர் அழைப்பு அவருக்கு வேலையில் சேர்ந்ததிலிருந்து வந்திருக்காது. சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் வருகிறேன் என்றார். செயற்கைக்கோளுக்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். வெயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பன்னிரண்டு மணி என்று சொன்னது என் ஆத்திரம்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை வந்தார். தொப்பி போட்டிருந்தார், தண்ணீர் பாட்டிலை அவரே கொண்டுவந்திருந்தார். மனுஷருக்கு விவரம் வந்துவிட்டது. வீட்டுக்காரரைப் பருத்திக்கொட்டை வாங்கிவரக் கடைக்கு அனுப்பியிருந்தேன். கிணற்று மேடைக்கு நேராகக் கூட்டிப் போனேன். அங்கே சுற்றிலும் ஒன்றும் இல்லை. என்னுடைய ஐம்பத்தொரு கன்றுகளும் இடுப்பைத் தாண்டாத உயரம். ஒரு கோளையும் மறைக்க அவற்றால் முடியாது.

ஐந்து நிமிஷத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கருவியை என்னிடம் நீட்டினார். "சேச்சி ஒண்ணு பிடிக்காமோ? உயர்த்திப் பிடிக்கணும்." நான் வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அவர் பக்கத்தில் நின்று அண்ணாந்து எண்ணைப் படித்தார். முப்பத்தெட்டு. இருபத்தொன்று. கை கடுத்தது. மாற்றிப் பிடித்தேன். பன்னிரண்டில் நின்று கொஞ்ச நேரம் அடம் பிடித்தது. ஆனைகட்டித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். ஒன்பது. ஆறு.

அப்போது வரப்பு மேல் வீட்டுக்காரர் ஓடிவருவது தெரிந்தது. ஒரு கையில் நாற்காலி, மறு கையில் குடை. பருத்திக்கொட்டை இல்லை. யாரோ பாதி வழியில் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் வீட்டம்மா சாரை வெயிலில் காய வைத்திருக்கிறார்கள் என்று.

"ஏனுங்க சார், இது என்னங்க அநியாயம்? வாங்க, வாங்க. அந்த மரத்தடிக்கு..."

"அந்த நாற்காலி கீழ எறங்குச்சுன்னா கெணத்துல போட்டுருவேன்" என்றேன். கையை இறக்கவில்லை.

அவர் நாற்காலியை இறக்கவில்லை. தூக்கிக்கொண்டே நின்றார். குடையைத் திறந்து அதிகாரியின் தலைக்கு மேல் பிடித்தார். குடைத்துணி தடுக்குமோ என்று எனக்கு உயிரே போனது. அதிகாரி பயப்பட வேண்டாம் என்று சைகை காட்டினார். துணி ஒன்றும் செய்யாதாம். ஆக அந்த மேடையில் மூன்று பேர் நின்றோம். ஒருவர் நிழலில், ஒருவர் அந்த நிழலைப் பிடித்துக்கொண்டு, நான் வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு.

நான்கு மீட்டர் வந்ததும் அதிகாரி என் கையிலிருந்து வாங்கிப் பட்டனை அழுத்தினார். அங்கேயே செல்போனில் சர்வே படத்தைத் திறந்து எண்ணைப் போட்டுப் பார்த்தார். என்னிடம் காட்டினார். என் நிலத்தின் கோடுகளுக்கு நடுவில், எந்தப் பக்கக் கோட்டுக்கும் தூரமாக, ஒரு சிவப்புப் புள்ளி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கிணறு என்னுடையது என்று யாராவது சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் ஒரு மனுஷர் அல்ல.

"கரெக்ட் ஆணு" என்றார் அதிகாரி. பையிலிருந்து படிவத்தை எடுத்தார். கிணற்றுச் சுவரில் வைத்து நிரப்பினார். சர்வே எண், இடம், துல்லியம் நான்கு மீட்டர், எல்லாம் எழுதினார். எழுதி முடித்துத் திரும்பி, படிவத்தையும் பேனாவையும் என்னைத் தாண்டி நீட்டினார்.

"சேட்டா, இவிடெ ஒரு ஒப்பு."

ஒப்பு என்றால் கையெழுத்து. வீட்டுக்காரர் நாற்காலியைக் கீழே வைத்தார், குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டார், பேனாவை வாங்கினார். இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து என் கிணற்றைக் கண்டுபிடித்தாயிற்று. இரண்டடி தள்ளி நிற்கிற என்னைக் காணோம்.

"சார்," என்றேன், "கெணறு யார் நெலத்துல இருக்குதுங்க?"

"சேச்சிடெ ஸ்தலத்தில்."

"மனு யார் பேர்லீங்க?"

"சேச்சிடெ..." என்றவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அப்ப அந்தப் பேனா யார் கையில இருக்கோணும்?"

என் வீட்டுக்காரர் தன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஆனது, கருவிக்கு ஆனதைவிடக் கூடவே ஆனது. பிறகு பேனாவை என்னிடம் கொடுத்தார். கொடுத்த கையோடு குடையையும் என் பக்கம் சாய்த்தார். வேண்டாம் என்றேன். தள்ளிப் போய் வெயிலில் நின்று கையெழுத்துப் போட்டேன். கை கடுத்துப் போயிருந்ததால் எழுத்து கோணலாக விழுந்தது. அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்தார்.